தீபம் ஏற்றும் நேரம்

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு ஓடிடி சந்தா கட்டலாம் என்று என் மகன் சொன்னபோது, அதில் பணக் கணக்குக்கு அப்பால் ஆலோசிப்பதற்கு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், "கார்த்திகை தீபத்தை எதுல பாக்கிறது?" என்று என் தாயார் வினவியதும், "எப்ப வேணும்னாலும் போன்ல போட்டுக் காட்டறேன், பாட்டி" என்று அவன் பரிவோடு சொன்னதும், "எப்ப வேணும்னாலும் பாக்கிறதுக்குப் பேரு தீபமாடா, கண்ணா?" என்று அவர் கேட்டதும் பல நாட்களாக என் சிந்தையை விட்டு அகலவில்லை.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் வெளிப்பட்டுத் தரிசனம் தருவது சில நிமிஷங்களே. ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் சுடர்விடுவதைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகே அம்மா எங்கள் வாசலில் அகல் ஏற்றுவார். அந்த க்ஷணத்தை நிர்ணயிப்பவர் நாமல்லர். கைவேலையை வைத்துவிட்டு அதனிடம் நாம்தான் போய்ச் சேர வேண்டும். 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் தொடங்கிய பின், ஞாயிறு காலைகளில் பெட்டிக்கு மாலையிட்டுக் காத்திருந்தவர்களும் இந்த நியமத்தைத்தான் அனுஷ்டித்தார்கள்.

விரும்பியதை விரும்பியபோது பெறுவதே சுதந்திரம் என்பது இக்காலத்தின் சித்தாந்தம். கடோபநிஷதத்தில் யமன் வாசலில் மூன்று இரவுகள் பட்டினியாய்க் காத்திருந்த நசிகேதன் என்னும் சிறுவனுக்கு, மரண ரகசியத்தைச் சொல்வதற்குப் பதிலாக யமன் தர முன்வந்தது, பொன்னும் தேரும் வாத்தியங்களோடு கூடிய மாதரும் நெடிய ஆயுளுமாகிய இந்த 'விரும்பியதெல்லாம்' அன்றோ! இந்திரியங்களின் வலிமையைத் தேய்ப்பவை என்று அவற்றை மறுத்தபோதுதான் அவனுடைய சுதந்திரம் பிரத்தியட்சமாயிற்று. ஓடிடியிலோ, ஓர் அத்தியாயம் முடிந்ததும், போதும் என்ற சங்கற்பம் நம் மனத்தில் உதிக்குமுன் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது.

கேபிளைப் புனிதமென்று சொல்ல நான் துணியேன். இரவு பத்தரை வரை தொடர்களும் விளம்பரங்களும் எங்கள் கூடத்தைக் கட்டிப்போட்டதை நான் அறிவேன். நேரலை இணையத்திலும் வருகிறது. ஆகவே, மகனிடம், "எதை வேண்டுமானாலும் எடு, தம்பி, ஆனால் கார்த்திகையன்று ஐந்தரைக்கெல்லாம் வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிடு" என்று மட்டும் சொன்னேன்.