கருவியும் கைவன்மையும்

கருவி சிறந்தால் கைவன்மை சிறக்குமா? மடுல்சீமைத் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி தம் கத்தியைத் தாமே தீட்டுகிறார். வெட்டுப் பிசகினால் கிளை பிளந்து காய்ந்துவிடும்; செடியே சாட்சியாகும்.

அதே மலைநாட்டில், நுவரெலியாத் திடலில் கோல்ப் ஆடுவோர் விரும்பும் உயர்ரக இரும்பு மட்டைத் தொகுதியின் விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தில், அது இருநூறு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பாகும். புதிய ஏழாம் இலக்க மட்டை பந்தைத் தொலைவிற் செலுத்துவது உண்மையே. ஆயின், பழைய ஐந்தாம் இலக்க மட்டையின் முகச்சாய்வை அதற்கு அளித்திருப்பதும் அதற்கொரு காரணம். மாறியது சாய்வு; மாறாதது கை.

நல்ல கருவியை நாடுதல் குற்றமன்று. கருவியின் ஆற்றலைத் தன் ஆற்றலென மயங்குதலே குற்றம். தன் வெட்டுக்குத் தானே பொறுப்பேற்கும் மடுல்சீமைக் கையே இதற்கு உரைகல்.