அடுக்கிய வானும் சாட்சியமும்

இருண்ட வானை நோக்கித் திறந்துவைத்த பிலிம் மணிக்கணக்கில் ஒளியைப் பருகுகிறது. எனினும் நேரம் நீள நீள அதன் ஏற்கும் திறன் தளர்ந்துவிடும். ஆதலின் வான்படம் எடுப்போர் சிலர், ஒரே வாயுத்திரளைப் பல பிலிம்களில் பதிவு செய்து, அவற்றை ஸ்கேனரில் இட்டு, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகின்றனர். எந்த ஒரு பிலிமிலும் தெளிவுறாத காட்சி அப்போது துலங்குகிறது. அதனைக் கண்டு ஒருவர் “ஸுப்ஹானல்லாஹ்” என்கிறார். அவர் வியந்தது இறைவன் படைப்பையா, கணினிமுன் அமர்ந்தவரின் கைவண்ணத்தையா?

அடுக்கியது என்பதாலேயே பொய் என நாம் தள்ளிவிட மாட்டோம். பிலிமின் வெள்ளித் துகள்கள் படத்துக்குப் படம் வேறிடத்தில் சிதறுகின்றன. விண்மீனோ ஒரே இடத்தில் நிற்கிறது. 16 படங்களை அடுக்கினால் ஒளி 16 மடங்காகும்; துகள்களின் குழப்பம் 4 மடங்கே ஆகும். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின், கணினியின்றி இருட்டறையிலேயே, பல தகடுகளின் நகல்களை ஒன்றாகப் பதித்து மங்கிய ஒளியை வெளிக்கொணர்ந்தார். 1986-ல் அவரும் உடனாய்வாளரும் கண்ட மாபெரும் மங்கிய அண்டம் ‘மாலின் 1’ எனப்படுகிறது. நிறமாலையும் வானொலித் தொலைநோக்கியும் பின்னர் அதற்குச் சான்று கூறின.

ஹதீஸ் கலை வல்லார்க்கு இந்நியாயம் புதிதன்று. பொய்யில் ஒன்றுசேர இயலாத அளவு பலர், தலைமுறைதோறும் அறிவித்த செய்தியை அவர்கள் முதவாத்திர் என்றனர். ஆயினும் வெறும் தலைகளை எண்ணுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நூறு பேர் உரைத்தாலும், அனைவரும் ஒருவரிடமே கேட்டிருப்பின், மூலத்தில் அஃது ஒருவர் செய்தியே. ஒரே பிலிமை இருபது முறை ஸ்கேன் செய்து அடுக்குவோரை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். ஸ்கேனரின் பிழை குறையும். பிலிமின் பிழை அணுவளவும் குறையாது. படம் மட்டும் மெருகேறித் தோன்றும். இதை அறிந்தே இருபது பதிவுகள் எனச் சொல்வாரெனில், அதற்கு நாம் வேறு பெயர் தேடவேண்டியதில்லை.

நிறத்தை மிகுத்தலையோ, ஓர் இரவின் வானை மற்றோர் இரவின் மினாராவுக்குமேல் ஒட்டுதலையோகூட நாம் ஹராம் என்று சொல்ல முன்வரவில்லை. ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. எத்தனை பிலிம்கள், எந்த இரவுகள், எது கூட்டப்பட்டது எனப் படத்தின்கீழ் இரண்டு வரி எழுதிவிடலாமே என்றுதான் கேட்கிறோம்.

கி.பி. 964-ல் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி தம் விண்மீன் நூலை இயற்றினார். ஒவ்வோர் உருவையும் வானில் தோன்றுமாறு ஒன்று, கோளத்தில் தோன்றுமாறு ஒன்று என இருமுறை வரைந்து, எது எதுவெனத் தெரிவித்தார். ஆந்திரமேடாவில் தம் கண்ணுக்கு மங்கலாய்த் தெரிந்ததை அவர் விண்மீன் ஆக்கவில்லை. சிறு மேகம் என்றே குறித்தார்.