ஊர் அடங்கிய நாளும் உள்ளம் அடங்கும் நெறியும்



ஓசை ஒழிதல் வேறு, மோனம் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நூல் கற்றாரிடத்தும் உண்டு; அடியேனிடத்தும் இருந்தது. அம்மயக்கம் தாம்பரத்துக்குத் தெற்கே பெருஞ்சாலை ஓரத்தில் ஒருநாள் நண்பகற்போதில் தெளிந்த வகையினை எடுத்துரைத்து, அதன்கண் நம் சித்தாந்தச் செம்பொருள் எவ்வாறு விளங்குகின்றதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவிய 2020-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் மாலை தமிழ்நாட்டிலும், 25-ஆம் நாள் தொடங்கி இந்திய நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதற்கண் 21 நாள் என வகுக்கப்பட்ட அது, மேன்மேலும் நீண்டு மே மாத முடிவு வரையிலும் தொடர்ந்தது. புறநகர் மின்வண்டிகள் நின்றன. திருக்கோயில்களில் நாட்பூசை நடைபெற்றதாயினும், வழிபடுவார்க்கு வாயிற்கதவு அடைக்கப்பட்டது. நோய் ஒருவர் மூச்சினின்றும் மற்றொருவர் மூச்சிற்குத் தொற்றுவதாகலின், அவ்வடக்கம் உயிர் காத்தற்பொருட்டு வேண்டப்பட்டதேயாம். அதனை இகழ்தல் நம் கருத்தன்று.

அவ்வாண்டு மே மாதத்தில், கத்திரி வெயில் காயத் தொடங்கிய நாளொன்றில், மறைமலை நகரில் வாழும் என் தமக்கையார் நோயுற்றாரெனச் செய்தி வந்தது. இ-பாஸ் என்னும் இசைவுச் சீட்டுப் பெற்று, பல்லாவரத்தினின்றும் வாடகைக் காரொன்றில் புறப்பட்டேன். பல்லாவரம் மறைமலையடிகள் வாழ்ந்த ஊர்; சென்று சேரவேண்டிய ஊரோ அவர்தம் பெயர் தாங்கியது. ஆகலின் அவ்வழிச் செலவே ஒரு திருவழிச் செலவு போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜி. எஸ். டி. சாலை என வழங்கும் அத்தெற்குப் பெருஞ்சாலையினை அறிந்தார்க்கு, அன்று அது கிடந்த கிடை நம்பற்கரியதாம். குரோம்பேட்டையின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இரும்புக்கதவு இறக்கிக் கிடந்தன. 1928-ஆம் ஆண்டில் காசநோயாளர்க்கெனத் தோன்றிய பழைய மருத்துவச்சாலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சானடோரியம் நிலையத்தில் ஆளரவமே இல்லை. 1931 முதல் மின்வண்டி ஓடிய கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் துருவேறிச் செந்நிறம் கொண்டிருந்தன. திருவிழாக் காலங்களில் தென்னாடு செல்வார் நெருக்கத்தால் மூச்சுமுட்டும் பெருங்களத்தூரில், நடுச்சாலையில் நாயொன்று அச்சமின்றிப் படுத்துறங்கிற்று. வண்டலூர் உயிரியற் பூங்காவின் வாயிலும் அடைபட்டிருந்தது. மரங்களினின்றும் பறவைகளின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

யான் உள்ளம் பூரித்தேன். 'ஆகா! சகலத்தின் ஆரவாரமெல்லாம் ஒழிந்தது. ஞானியர் கூறும் மோனம் இதுவன்றோ? இறைவன் ஒரு நோயினை ஏவி ஊரையே தவத்தில் அமர்த்தினான்' என்று நினைந்து, அதனை ஒரு சொற்பொழிவாக விரித்துரைக்கவும் மனத்தகத்தே சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

வண்டலூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், எதிரே இருபதின்மர் அளவில் ஒரு கூட்டத்தார் நடந்து வரக் கண்டோம். கட்டட வேலைக்கென வடநாட்டினின்றும் வந்தவர்கள். வேலையும் கூலியும் நின்றமையால், தம் ஊர்க்குச் செல்லும் தனி இரயில்வண்டிகளை நாடிச் சென்னை நோக்கி நடந்தனர். தலையில் மூட்டை, ஒருவர் தோளில் குழந்தை, சிலர் கால்களில் செருப்புமில்லை.

"ஐயா, வண்டியை நிறுத்தட்டுமா?" என்றார் ஓட்டுநராகிய இளைஞர்.

"சீட்டில் குறித்த நேரம் கடந்துவிடுமே, தம்பி" என்றேன் யான்.

அவர் மறுமொழி கூறாமல் வண்டியை நிறுத்தினார். தம் இல்லத்தார் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியை எடுத்துச்சென்று, குழந்தையைச் சுமந்தவர் கையில் கொடுத்தார். யான் கண்ணாடியைச் சிறிதே இறக்கி இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை நீட்டினேன். "அண்ணா, அண்ணா" என்று அவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லால் வாழ்த்தினர். வண்டி நகர்ந்தது. அவ்விளைஞர் அன்று பகல் முழுதும் உண்ணாதிருந்தார் என்பதை மாலையிலேதான் அறிந்தேன். தமக்கையாரை மருத்துவரிடம் காட்டி, கையில் உணவுப் பொதிகளோடு திரும்புங்கால் அவ்வழியெல்லாம் தேடினேன், அவர்களைக் காணேன்.

அன்பர்காள்! அன்றிரவு நெடுநேரம் துயில் கொள்ளாது எண்ணிப் பார்த்தேன். உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலைகளை நம் ஆசிரியர் வகுத்தனர். ஆணவமலம் ஒன்றனோடு மட்டும் கூடி, கருவிகளின்றி, அறிவும் விழைவும் செயலும் சிறிதும் நிகழாது கிடப்பது கேவலம். உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் பெற்று இருவினை செய்துழல்வது சகலம். மலம் பக்குவமுற்றுத் திருவருளில் அடங்கி நிற்பது சுத்தம். கேவலத்திலும் ஓசையில்லை, சுத்தத்திலும் உலகியல் ஆரவாரமில்லை. ஆயினும் முன்னது இருள், பின்னது ஒளி. இருளால் வந்த அமைதியை அருளால் வந்த அமைதியென்று கொண்டதே என் பிழை. ஊர் கேவலத்திற் கிடந்தது போலும் என்றால், யானோ கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அதனினும் பெரிய கேவலத்திற் கிடந்தேன். பிறவுயிரின் துயரை அறியவொட்டாது மறைப்பது ஆணவத்தின் தொழிலன்றி வேறென்னை?

'அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன். நாம் இடையிற் புகுதல் என்னை?' என்பார் உளராயின், அவர் கொடிமாடச் செங்குன்றூரில் நிகழ்ந்ததனை நினைவாராக. அவ்வூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினையின் மேல் பழியிட்டு வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத்தை முன்னிட்டுப் பதிகம் பாடி, நோய் அந்நாட்டையே விட்டகலச் செய்தருளினார். வினை உண்டென்பது நம் கொள்கை. வினையைக் காட்டி அன்பினைச் சுருக்கிக்கொள்வது நம் கொள்கையன்று. இறைவன்பால் அன்பும் அடியார்பால் அன்பும் உயிர்கள்பால் அன்பும் ஒரு தொடராகவே நிற்பன என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. அத்தொடரில் ஒரு கண்ணி அறுமாயின் ஏனையவும் நில்லா.

இன்னும் ஒன்று. அன்று யான் சென்ற மறைமலை நகரை அடுத்து, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அணித்தாகத் திருக்கச்சூர் உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கு வழிபட்டுப் பசியால் வருந்தியிருந்த உச்சிப்போதில், இறைவன் அந்தணர் வடிவு கொண்டு, வெயிலிலே வீடுதோறும் சென்று இரந்து, சோறு கொணர்ந்து அவரை உண்பித்தான் என்று பெரியபுராணம் கூறும். அவ்வூர் மலைக்கோயிலில் அவன் பெயர் மருந்தீசன். நோய்க்கு மருந்தானவனே பசிக்குச் சோறு தேடி நடந்த நிலத்தின் வழியே யான் சென்றிருந்தும், அவ்வரலாற்றைப் பன்முறை எடுத்தோதியிருந்தும், வண்டியை நிறுத்தத் தோன்றிற்றிலேன். அவ்வரலாற்றை ஓதியறியாத இளைஞரோ தம் உணவைக் கொடுத்துப் பசித்திருந்தார்.

கற்கோயில்களின் வாயில் அடைபட்டிருந்த அந்நாட்களில், திருமூலர் கூறிய நடமாடும் கோயில்கள் வெயிலிலே நம்மைக் கடந்து நடந்தன. இவற்றுக்கு இட்டது ஆங்குள்ள பெருமானுக்கும் ஆகும் என்பது அவர் உபதேசம். 2020 செப்டம்பர் முதல் நாள் திருக்கோயில்கள் மீண்டும் திறந்தன. மின்வண்டி ஓடுகின்றது, பெருஞ்சாலை பழைய ஆரவாரத்தோடு விளங்குகின்றது. ஊரின் அமைதி போய்விட்டதே என்று வருந்துவார் சிலரைக் காண்கின்றேன். வருந்தற்க. மெய்யான மோனம் ஓசை நின்றவிடத்துப் பிறப்பதன்று. 'யான், எனது' என்னும் முனைப்பு நின்றவிடத்துப் பிறப்பது. அது தாம்பரத்துச் சந்தையின் நடுவிலும் கைகூடும்.

ஆதலின், நாடோறும் நீறணிந்து ஐந்தெழுத்தினை எண்ணுங்கால், நம் தெருவிற் கட்டடம் எழுப்ப வந்த அயல்நாட்டு உழைப்பாளி உண்டாரோ என ஒருமுறை வினவுவோமாக. மறுமுறை வழியில் அவரைக் காணும்போது வண்டி நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்