பச்சை இலை போட்ட பை

ஒரு துணிக்கடையில் வாங்கிய சட்டைகளை வெளிர்பச்சைப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். ஓரத்தில் ஒரு இலை. அதன் கீழே, ‘நான் பிளாஸ்டிக் இல்லை, முழுசாக மக்கிவிடுவேன்’ என்று எழுதியிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து, மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் அதைப் புதைத்தேன். எட்டு மாதம் கழித்து மண் மாற்றத் தோண்டினால் பை அப்படியே இருக்கிறது. இலைகூட அழியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னாள்: “மக்கணும்னு பைக்குத் தெரிஞ்சிருக்கு, மண்ணுக்குத் தெரியலையேடா.”

பை பொய் சொன்னதா? தேடிப் படித்தபோது பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. மக்கும் பிளாஸ்டிக் என்று சான்று பெறுபவை பெரும்பாலும் பெரிய உரக்கிடங்கின் சூழலில், சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் சோதிக்கப்படுபவை. என் தொட்டியில் ஏது அந்தச் சூடு? அந்தப் பைக்குச் சான்று இருந்திருந்தால்கூட, ‘எங்கே, எப்படி’ என்ற இரண்டு சொற்களை அது விழுங்கிவிட்டது. மிச்சமிருந்த சொற்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் என் மனதில் அவை உண்டாக்கிய நம்பிக்கை பொய். பொய்யைச் சொற்களில் மட்டும் தேடினால் இந்த மாதிரிப் பொய் அகப்படவே அகப்படாது.

‘கிரீன்வாஷிங்’ என்ற சொல்லே இப்படியொரு பாதி உண்மையிலிருந்து பிறந்ததுதான். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஓட்டல் துண்டுகளைப் பற்றி எழுதினார். ‘துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்’ என்று அறையில் அட்டை வைக்கிறார்கள். துண்டைத் துவைக்காவிட்டால் தண்ணீர் மிச்சம், அது உண்மை. ஓட்டலுக்குச் சலவைச் செலவும் மிச்சம், அது அட்டையில் இல்லை.

இப்போது என் பக்கத்துக் கதை. அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டை. எடுத்தது மூன்று. பில் போடும்போது உள்ளே லேசாக உறுத்தியது. அந்த இலையைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது. பையைத் திருப்பி, சான்று எண் ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி. ஏமாந்தேன் என்று சொல்வதைவிட, ஏமாற ஒத்துழைத்தேன் என்று சொல்லலாம்.

இப்படி எழுதும்போதே ஒரு சந்தேகம். ‘தப்பு என்மேலதான்’ என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது யாருக்கு வசதி? பிபி எண்ணெய் நிறுவனம் 2000இல் பச்சை மஞ்சள் சூரியகாந்தி போன்ற சின்னத்துக்கு மாறி, பெட்ரோலியத்தைத் தாண்டிப் போகிறோம் என்று விளம்பரம் செய்தது. சில வருஷங்களில், உங்கள் ‘கார்பன் தடம்’ எவ்வளவு என்று மக்களையே கணக்குப் போடச் சொன்னது. அந்தச் சொல்லை ஊரெங்கும் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் அதன் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் செத்தார்கள். கடலில் மாதக்கணக்கில் எண்ணெய் கொட்டியது. எண்ணெய் எடுப்பவர் கணக்குக் கேட்கிறார், பஸ்ஸில் போகிறவர் குற்றவுணர்ச்சியோடு பதில் சொல்கிறார்.

ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உண்மையைத் தெரிந்து வைத்திருப்பவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். வாங்குகிறவர் ஒவ்வொருவரும் வீட்டில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் 2024இல் வந்த வழிகாட்டுதல்கள், ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று சொல்கிறவரிடமே ஆதாரம் கேட்கின்றன. அதுதான் சரியான திசை. என் கடமை சின்னது, ஆனால் அதை வேறு யாரும் செய்ய முடியாது. என் உறுத்தலை ஒரு இலைக்கு விற்காமல் இருப்பது.

போன மாதம் வேறொரு கடையில் அதே மாதிரி இலை போட்ட பை. “இது எங்க தம்பி மக்கும்?” என்று கேட்டேன். “தெரியலைண்ணா, கம்பெனில அப்படிப் போட்டு அனுப்புறாங்க” என்றான் அந்தப் பையன். பை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஒரே சட்டையோடு திரும்பினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு எடுத்தேன். வீடு வரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.