இரண்டாம் பந்தி

2017ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், இலண்டனின் டுவிக்கனம் அரங்கில் இங்கிலாந்தும் சமோவாவும் ரக்பி ஆடின. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கு அது. ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான், தம் நாட்டு ரக்பி சங்கம் திவாலாகிவிட்டதென்று சமோவாவின் பிரதமர் அறிவித்திருந்தார். அதனை அறிந்த இங்கிலாந்துச் சங்கம் 75,000 பவுண்டு நன்கொடை வழங்க முன்வந்தது. நல்ல செயல்தான். ஆனால் அன்றைய நுழைவுச்சீட்டு வருவாய், வழக்கப்படி, ஆட்டத்தை நடத்திய இங்கிலாந்துக்கே உரியதாயிற்று. இங்கிலாந்து வீரர் ஒருவருக்கு அன்றைய ஊதியம் ஏறத்தாழ 22,000 பவுண்டு என்றும், சமோவா வீரருக்கு 650 பவுண்டு அளவே என்றும் அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. ஒரே புல்வெளி, ஒரே எண்பது நிமிடம், இருசாராருக்கும் ஒரே அடியும் உதையும். இங்கிலாந்து 48-14 என்று வென்றது.

அந்த 75,000 பவுண்டு ஈகையா, அல்லது கொடுத்தேயாக வேண்டிய கடனின் ஒரு சிறு துணுக்கா? இவ்வினா என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் விளையாட்டு வல்லுநன் அல்லன். நம் வாசகருள் பலருக்கும் ரக்பி பழக்கமில்லாத ஆட்டம். கொழும்பிலும் கண்டியிலும் உறவினர் உள்ளோர் வேண்டுமானால் அறிந்திருப்பர். எனினும், வலியவர் எளியவருக்குச் செய்ய வேண்டியது யாது என்ற பழைய வினாவை இவ்வளவு வெளிச்சத்தில் காட்டும் களம் வேறொன்றை நான் கண்டதில்லை.

இவ்வாட்டத்தில் ‘ஸ்கிரம்’ என்றொரு கட்டம் உண்டு. இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்துக் குனிந்து, தலைகளை இடைமடுத்து, ஒருவரையொருவர் தள்ளுவர். பார்ப்பவருக்கு அது காளைகள் முட்டிக்கொள்வதுபோல் தோன்றும். உண்மையில், எதிரி தாங்கினால்தான் நாமும் நிற்க முடியும்; ஒரு பக்கம் சரிந்தால் இரு பக்கமும் மண்ணில் விழும். வேண்டுமென்றே சரிப்பது குற்றம். இந்த வலிமையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. பயிற்சிக் கருவிகளாலும் ஓரளவுக்கு மேல் பெற முடியாது. தன்னினும் வலியவனைப் பலமுறை எதிர்த்துத் தள்ளித்தான் பெற வேண்டும். ஆகவே, வளர்ந்துவரும் நாடுகள் கேட்பது நன்கொடை அன்று. ‘எங்களோடு ஆடுங்கள்’ என்பதே அவர்கள் கேட்பது.

கேட்டு மறுக்கப்பட்ட நாடு ருமேனியா. 1983இல் அது வேல்ஸை 24-6 என்று வென்றது. 1988இல் அதே வேல்ஸை அதன் சொந்த மண்ணாகிய கார்டிப்பில் 15-9 என்று வென்றது. பிரான்சையும் ஸ்காட்லாந்தையும் வென்ற அணி அது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்சு ஆகியவை ஆண்டுதோறும் தமக்குள் ஆடிவந்த ஐந்து நாடுகள் போட்டியில் ருமேனியாவையும் ஆறாவதாகச் சேர்க்கலாமே என்ற பேச்சு அந்நாளில் எழுந்தது, பேச்சோடு நின்றது. 1989இல் புரட்சி வந்தது. தேசிய அணிக்கு ஆடிய இராணுவ அதிகாரி ஃபுளோரிகா முராரியு சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே அந்த அணி பிரான்சை பிரெஞ்சு மண்ணில் வென்றது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அதன்பின் அரசின் ஆதரவு வற்றியது. 1995இல் ரக்பி தொழில்முறை ஆட்டமாகியபின் பணமுள்ள நாடுகள் எட்ட முடியாத தொலைவுக்குச் சென்றன. 2001இல் டுவிக்கனத்தில் ருமேனியா 134-0 என்று தோற்றது. 1980களில் கதவைத் திறந்திருந்தால் இந்த வீழ்ச்சி நேர்ந்திராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தகுதியோடு வந்தவரை வாசலில் நிறுத்தி, அவர் வாடியபின் ‘பாருங்கள், இவருக்குத் தகுதியில்லை’ என்று சொல்வது அறமாகுமா?

இங்கே ஒரு தடை எழும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சமமற்ற இருவரை மோதவிடுவது இரக்கமா? 2003இல் ஆஸ்திரேலியா நமீபியாவை 142-0 என்று வென்றது. 1999 முதல் 2023 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய நமீபியா இருபத்தாறு ஆட்டங்களில் ஒன்றிலும் வெல்லவில்லை. 2025 சூலையில் அயர்லாந்து லிஸ்பனுக்கே சென்று போர்ச்சுகலோடு ஆடியது. இரு தலைமுறையாகப் பலர் வேண்டிநின்றது இதுதானே? முடிவு 106-7. அயர்லாந்தின் முதன்மை வீரர் பலர் அப்போது வேறு அணியோடு ஆஸ்திரேலியாவில் இருந்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே போர்ச்சுகல்தான் 2023 உலகக் கோப்பையில் பிஜியை 24-23 என்று வென்று அரங்கத்தையே அழவைத்தது. ரக்பியில் தோல்வி என்பது மானம் போவதோடு முடிவதன்று, எலும்பும் முறியும். வலியவர் சற்று விட்டுக்கொடுத்து ஆடலாமே என்பர் சிலர். அது எனக்கு உடன்பாடன்று. எதிரியை மதிப்பவன் முழுவலிமையோடு ஆடுவான். விட்டுக்கொடுத்து ஆடுபவன் எதிரியைக் குழந்தையாக்குகிறான்.

எனினும் அந்த நூற்றாறு புள்ளிகளை வேறு விதமாகவும் நோக்கலாம். எப்போதோ ஒருமுறை வருவது ஆட்டமன்று, விருந்தினர் வருகை. 1995இல் நியூசிலாந்து ஜப்பானை 145-17 என்று நசுக்கியது. அன்றே ‘இவர்களுக்கு இது ஒத்துவராது’ என்று முடிவுகட்டியிருந்தால், 2015இல் பிரைட்டனில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றிருக்காது. 2019இல் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று கால் இறுதியை எட்டியிருக்காது. ஜப்பானிடம் பணமும் பெரிய நிறுவனங்களின் அணிகளும் இருந்தன என்பது உண்மை; நமீபியாவிடம் அவை இல்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து என்று சொல்வதற்கில்லை. அவரவர் நிலைக்குச் சற்று மேலான எதிரி, ஆண்டு தவறாமல், முறைவைத்து இருவர் மண்ணிலும் ஆட வேண்டும். நூறு புள்ளித் தோல்வி, இது இல்லாததன் விளைவேயன்றி இதற்கு எதிரான சான்று ஆகாது.

பொறுமை என்ன செய்யும் என்பதற்கு இத்தாலி சான்று. 2000ஆம் ஆண்டு அது அந்தப் போட்டியில் ஆறாவது நாடாகச் சேர்க்கப்பட்டது. 2015க்குப் பின் தொடர்ந்து முப்பத்தாறு ஆட்டங்களில் தோற்றது. கேலி பேசினார்கள், வெளியேற்றச் சொன்னார்கள். வெளியேற்றவில்லை. 2022 மார்ச்சில் கார்டிப்பில் வேல்ஸை 22-21 என்று வென்றது. 2024இல் இரண்டு ஆட்டங்களில் வென்று, பிரான்சோடு சமன் செய்தது. நாற்காலி கொடுத்து, தோற்கும் காலத்திலும் அதைப் பறிக்காதிருந்ததன் பயன் இது.

அந்த நாற்காலி காக்கசஸ் மலைநாடாகிய ஜார்ஜியாவுக்கு இல்லை. ஸ்கிரமில் அவர்களை வெல்வோர் உலகில் சிலரே. ரக்பி அவர்களுக்கு நேற்று வந்த ஆட்டமும் அன்று. குரியா வட்டாரத்துச் சுக்குத்தி என்னும் ஊரில், ஆண்டுதோறும் உயிர்ப்பு ஞாயிறன்று, குருவானவர் ஆசீர்வதித்த பதினாறு கிலோ எடையுள்ள பந்தோடு மேலூராரும் கீழூராரும் மோதுவர். வென்றவர் அப்பந்தைத் தம் ஊரில் இறந்துபோன ஒருவரின் கல்லறைமேல் வைப்பர். அந்தப் பழைய ஆட்டத்தின் பெயரையே தேசிய அணியும் தாங்குகிறது. 2022 சூலையில் அவர்கள் இத்தாலியை 28-19 என்றும், நவம்பரில் கார்டிப்பில் வேல்ஸை 13-12 என்றும் வென்றனர். ஆனால் ஆறு நாடுகள் போட்டி ஆறு சங்கங்களின் உடைமை. 2021இல் அதன் ஏழில் ஒரு பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே வெற்றியால் நுழைய வழியில்லை; தோல்வியால் இறங்கும் படியும் இல்லை. ‘எங்கள் வீடு, எங்கள் விருந்து’ என்பது அவர்கள் வாதம். சட்டப்படி சரிதான். இறங்க நேர்ந்தால் தொலைக்காட்சி வருவாயை இழந்து ஒரு நாட்டின் ரக்பியே அழியலாம் என்ற அச்சமும் பொய்யன்று. ஆயினும், கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்த பின்னாவது இரண்டாம் பந்திக்கு இலை விழும். இங்கே முதல் பந்தியினர் எழுவதே இல்லை.

2023 அக்டோபரில் பாரிசில் கூடிய உலக ரக்பி அமைப்பு, 2026 முதல் பன்னிரண்டு வலிய அணிகளுக்கு ஒரு போட்டி, அவற்றின் கீழ் இன்னும் பன்னிரண்டுக்கு ஒரு போட்டி என்று முடிவு செய்தது. மேலேறவும் கீழிறங்கவும் வழி 2030இல்தான். 2027 உலகக் கோப்பையில் இருபதுக்குப் பதில் இருபத்துநான்கு அணிகள் என்றும், இரு வரிசையினரும் மோதும் ஆட்டங்கள் கூட்டப்படும் என்றும் அதே கூட்டம் சொன்னது. நன்று. ஆனால் இன்று இருபத்தெட்டு வயதான ஜார்ஜிய வீரருக்கு 2030 மிகத் தொலைவு. காத்திருக்கச் சொல்பவருக்கு ஆண்டுகள் எண்கள். காத்திருப்பவருக்கோ அவை வாழ்நாள்.

மீண்டும் சமோவாவுக்கு வருவோம். 1924 ஆகஸ்டில் ஆப்பியா நகரில் அது தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. வீரர்கள் பின்னர் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்ததால் ஆட்டம் காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. அந்நாளில் அத்தீவை ஆண்டது நியூசிலாந்து. சமோவாக் குருதியில் வந்த பிரயன் வில்லியம்ஸ், மைக்கேல் ஜோன்ஸ், டானா உமாகா போன்றோர் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையணிந்து அதற்குப் புகழ் சேர்த்தனர். (ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்று 1991 உலகக் கோப்பையின் அரையிறுதியையே விட்டுக்கொடுத்தவர் இந்த ஜோன்ஸ்.) அதே 1991இல் சமோவா வேல்ஸை கார்டிப்பில் வென்றது. இவ்வளவுக்குப் பின்னும், சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஆப்பியாவுக்கு நியூசிலாந்தின் முதன்மை அணி வந்து ஒரு பன்னாட்டு ஆட்டம் ஆட 2015 சூலை 8ஆம் நாள் வரை ஆயிற்று. தொண்ணூற்றோர் ஆண்டுகள். அன்று நியூசிலாந்து வென்றது, 25-16 என்று. ஒன்பதே புள்ளி வேறுபாடு.