எச்சில் வாளியைத் தராசில் வை!

மைசூருக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி, தங்கையே! நீ மானசகங்கோத்ரி வளாகத்தில் முதுகலை படிக்கிறாயோ, என்.ஐ.இ. கல்லூரியில் பொறியியல் படிக்கிறாயோ, நான் அறியேன். ஆனால் ‘புத்தாக்கப் போட்டி’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினால் நீ என்ன செய்வாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு பார்வை பார்ப்பாய். ‘இதெல்லாம் பெரிய லேப் வைத்திருப்பவனுக்கு, மேடையேறி இங்கிலீஷில் வெளுத்து வாங்குபவனுக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடையைக் கட்டுவாய்.

நில். உன்னைவிட இந்தப் போட்டிக்குத் தகுதியானவர் யார்?

இப்படிப்பட்ட போட்டி என்ன கேட்கிறது என்று பார். 2024 ஜூலையில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘ஐடியாஸ் ஃபார் லைஃப்’ என்ற திட்டத்தை டெல்லி ஐ.ஐ.டி.யில் தொடங்கியது. பூமி தாங்குகிற அளவோடு நாம் வாங்கவும் உண்ணவும் உடுக்கவும் வழி சொல்லுங்கள் என்று மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் கேட்டது. தலைப்புகள் ஏழு: தண்ணீர்ச் சேமிப்பு, மின்சாரச் சேமிப்பு, குப்பைக் குறைப்பு, மின்னணுக் கழிவுக் குறைப்பு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஒழிப்பு, நீடித்த உணவுமுறை, ஆரோக்கிய வாழ்க்கை. இவற்றில் உனக்குத் தெரியாதது எது, சொல்! அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பாட்டியின் பழம்புடவை தூளியாகி, தூளி கிழிந்து கரித்துணியானதை அறிந்தவள் நீ. மிஞ்சிய சோறு உன் வீட்டில் காலையில் பழையதாகும்; அதிலும் மிஞ்சினால் மொட்டைமாடி வெயிலில் வடகமாகும். உலகம் இன்று மாநாடு கூட்டித் தேடுகிற பாடத்தை உன் அடுப்படி என்றோ நடத்தி முடித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உனக்குக் கூச்சம்!

கூச்சத்தை உதறிவிட்டு, உன் விடுதி மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எச்சில் வாளியைப் பார். 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. அந்தப் பெருங்கணக்கின் ஒரு வரி உன் கண்ணெதிரே வழிந்துகொண்டிருக்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். மைசூருக்கு அடுத்த மண்டியாவில் நெல் விளைவது கிருஷ்ணராஜசாகர் கால்வாய்த் தண்ணீரில். அப்படியானால் அந்த வாளியில் கிடப்பது என்ன? காவிரி! இரண்டு மாநிலங்கள் கோர்ட்டு வாசலில் எந்த ஆற்றுக்காக மல்லுக்கட்டினவோ, அந்த ஆறு சாம்பார் சாதமாகக் கொட்டிக் கிடக்கிறது.

அந்த வாளியைத் தராசில் வை. ஒரு வாரம் மூன்று வேளையும் நிறுத்து எழுது. எந்தக் கிழமை அதிகம், எந்தக் கறி போட்ட நாள் அதிகம், ஊருக்குப் போகிற சனிக்கிழமை எவ்வளவு என்று பார். பிறகு சமையல்காரரிடம் போ. ‘ஊட்டா ஆயித்தா?’ (சாப்பாடு ஆச்சா?) என்று உன் அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பி. சிரித்துக்கொண்டே எல்லாம் சொல்வார். எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது தெரியாமல், குறைந்துவிட்டால் வசவு விழுமே என்று பயந்து கூடுதலாக வடிக்கிறார். முதல் நாள் இரவே ‘நாளை வருவேன்’ என்று ஒரு டோக்கன் போட ஏற்பாடு செய்தால்? கரண்டியைச் சின்னதாக்கி, வேண்டுபவருக்கு இரண்டாம் முறை பரிமாறினால்? அமெரிக்கக் கல்லூரிகள் சில, சாப்பாட்டு ட்ரேயை எடுத்துவிட்டுத் தட்டை மட்டும் கையில் கொடுத்தே வீணாவதைக் குறைத்தன. ஒரு பொருளை விலக்குவதும் கண்டுபிடிப்புத்தான்! மாற்றத்தைச் செய்துவிட்டு மறுபடியும் ஒரு வாரம் நிறு. முன்னே இவ்வளவு, பின்னே இவ்வளவு என்று நடுவர் முன் இரண்டு எண்களை வை. எந்த நுனிநாக்கு ஆங்கிலமும் அதற்கு எதிரே நிற்காது.

தயவுசெய்து எடுத்த எடுப்பில் ‘ஆப் செய்கிறேன்’ என்று கிளம்பாதே. பரிசு வாங்கி, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியதோடு செத்துப்போன ஆப்களுக்கு ஊரில் பஞ்சமில்லை.

வசதி இல்லை என்றா சொல்கிறாய்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்த பேராசிரியர் வாசுதேவனைக் கேள். தெருவில் பறக்கும் கழிவு பிளாஸ்டிக்கை எடுத்தார், நறுக்கினார், சூடான ஜல்லியின் மேல் தூவினார். அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொண்டது. அதோடு தாரைக் கலந்தால் பிடிப்பு இறுகுகிறது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத் தடுமாறுகிறது. 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுக் காட்டினார். 2015-இல் பெருநகரங்களை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தச் சொல்லி ஒன்றிய அரசே உத்தரவிட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மூலப்பொருள் என்ன? நீ காலால் எத்திவிட்டுப் போகும் கேரி பை! வயது போதவில்லை என்பாயோ? இஸ்திரி வண்டியின் கரியைப் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்கள் முன் பேசியபோது பள்ளி மாணவி.

நீ நிற்கும் மண்ணும் லேசுப்பட்டதல்ல. மைசூரின் மகாராஜா கல்லூரி ஒருகாலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. சமஸ்தானத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகமா என்று மலைத்து நிற்காமல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916-இல் அதை எழுப்பினார்கள். 1950-இல் அதே ஊரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. எருமைப்பால் கொழுப்பு மிகுந்தது, பச்சைக் குழந்தைக்குச் செரிக்காது என்றிருந்த காலத்தில், அங்கிருந்த விஞ்ஞானிகள் அதிலிருந்தே குழந்தை உணவு செய்தார்கள். அமுல் அதை நாடெங்கும் விற்றது. இருப்பதைக் கொண்டே ஆக்கிக் காட்டிய ஊர் அது! தூய்மைக் கணக்கெடுப்பில் 2015, 2016 இரண்டு ஆண்டும் நாட்டில் முதலிடம் பிடித்ததும் அந்த ஊர்தான். கும்பாரகொப்பலில் குப்பையைத் தரம் பிரிக்கும் மையம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலையை விட்டுவிட்டு அங்கே போய் நின்று பார். அங்கே வேலை செய்யும் அக்காக்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஒரு சுற்றில் தோற்கலாம், தோற்றால் என்ன? உன் மெஸ் வாளி பத்துக் கிலோ குறைந்திருந்தால் அந்தப் பத்துக் கிலோவை எந்த நடுவரும் திரும்ப வாளியில் கொட்டிவிட முடியாது. அடுத்த ஆண்டு அதே எண்களோடு மீண்டும் போ.

மூன்று பேரைச் சேர்த்துக்கொள். ஒருவராவது கன்னடம் பேசுபவராக இருக்கட்டும். சமையல்காரரின் பெயரையும் அணியில் எழுது. நாளைக் காலையே பக்கத்து மளிகைக் கடையில் ஒரு தராசை இரவல் கேள். கடைசித் தேதி வரை காத்திருக்காமல் பெயரைக் கொடு!