கொடுத்த சக்கரம்

விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடியை ஒட்டிய நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்வோரை யாரும் நின்று பார்ப்பதில்லை. பால் கேன்களோடும் கீரைக்கட்டுகளோடும் அவர்கள் ஓரமாகப் போகிறார்கள். அவர்களைக் கவனியாத நாமே ஜூலை மாதத்து மாலைகளில் பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தைத் திரையில் கண்டு மெய்மறந்து அமர்ந்துவிடுகிறோம். 1903-இல் தொடங்கிய பந்தயம் அது. மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

பார்க்கப் பார்க்க ஓர் உண்மை புலனாகிறது. அங்கே வெல்பவன் தனியே வெல்வதில்லை. முன்னே செல்பவன் காற்றைக் கிழிக்கிறான். அவனை ஒட்டிப் பின்னே வருபவனுக்கு உழைப்பு பெரிதும் மிச்சமாகிறது. ஆதலால் ஒவ்வோர் அணியிலும் தலைவனுக்காக எதிர்காற்றைத் தாங்குபவர்களும் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமப்பவர்களும் உண்டு. வீட்டு வேலைக்காரன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அவர்களுக்குப் பெயராகிவிட்டது.

1934-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரெனே வியெத்தோ என்னும் இருபது வயது இளைஞர் இருந்தார். பிரனீசு மலைப்பகுதியில் அணித்தலைவர் அந்தோனேன் மாஞ் விழுந்து, அவருடைய சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து, உதவி வண்டிக்காகக் காத்திருந்து அழுதார். அந்த நிழற்படம் உலகறிந்தது. மறுநாள் தலைவரின் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே சென்றிருந்த வியெத்தோ, செய்தி அறிந்து, வந்த வழியே மேடேறித் திரும்பித் தம் வண்டியையே கொடுத்தார். மாஞ் பட்டம் வென்றார். வியெத்தோ ஐந்தாவதாக வந்தார். தம் வாழ்நாளில் அந்தப் பட்டத்தை அவர் ஒருமுறையும் பெறவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடமையென்று கேட்டுப் பெறப்படுவது தியாகமாகுமா? கல்வாரிப் பாதையில் சீரேனே ஊர் சீமோன் தாமாக முன்வரவில்லை, பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். ஆயினும் அவர் தோள் பட்ட அளவுக்குப் பாரம் குறைந்தது. ஆகவே கட்டளையால் செய்தது வீண் என்று தள்ள நமக்கு உரிமையில்லை. என்றாலும் முதல் நாள் கொடுத்ததற்கும் மறுநாள் மேடேறித் திரும்பியதற்கும் இடையே ஏதோ ஒன்று வளர்ந்திருக்கிறது. முந்தைய நாள் எதை இழந்தோம் என்று அறிந்த பிறகும் திரும்பினார் அல்லவா?

இரசிகர்களாகிய நாம் செய்யும் பிழை வேறு. அந்த இளைஞர் பட்டத்தையே தாரைவார்த்தார் என்று கதையைப் பெரிதாக்குகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஐந்தாம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. இழப்பு மிகப் பெரிதாயிருந்தால்தான் கொடை பெரிதென்று நாம் எண்ணுகிறோம் போலும். கொடுத்தவருக்கோ, கொடுத்த அந்த நொடியில், கணக்கு எதுவும் தெரியாது. கையில் இருந்த ஒரே சக்கரத்தைக் கொடுத்தார். அதுவே போதும்.

இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது. தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்ற அக்காமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! திருமண வீடுகளில் அவர்களைத் தியாகச்சுடர் என்று புகழ்கிறோம். அவர்கள் அழுததுண்டா என்று கேட்பதில்லை. புகழ்ச்சி சில வேளைகளில் கடனைத் தீர்த்துவிட்டதாக நினைக்கும் தந்திரம். அவளிடம் அதைக் கேட்டது நீதிதானா என்ற வினாவை அது மெல்ல மூடிவிடுகிறது.

கற்சுவரில் அமர்ந்து அழுத இளைஞர் நமக்கு நல்லாசிரியர். தம் இழப்பை அவர் மகிழ்ச்சியென்று பொய்யாகக் காட்டவில்லை. கண்ணீர் கொடையைக் குறைப்பதில்லை. அதன் விலையை மறைக்காமல் காட்டுகிறது. அந்த விலையை அறிந்துகொள்வதுதான் பெற்றவர்கள் செய்யக்கூடிய முதல் நன்றி.

நாமும் எங்கோ வந்து சேர்ந்திருக்கிறோம். யாருடைய சக்கரத்தில் வந்தோம் என்று இன்றிரவு எண்ணிப் பார்ப்போம். அவர் உயிரோடிருந்தால், நாளைக் காலையில் போய், அன்று உங்களுக்கு வலித்ததா என்று கேட்போம்.